கோளாறு வயரிலா, காற்றிலா?

"நெட் விட்டு விட்டு வருது தம்பி" என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் இரண்டு கேள்வி கேட்பேன். எல்லா போனிலும் போகிறதா, ஒன்றில் மட்டுமா? வீடு முழுக்கவா, ஓர் அறையிலா? வீடு முழுக்க என்றால் லைனையோ ரூட்டரையோ பார்க்க வேண்டும். ஓர் அறையில் மட்டும் என்றால் கோளாறு பெரும்பாலும் வைஃபையில்தான். இதைப் பிரிக்காமல் கை வைத்தால் நல்லதையும் கெடுத்துவிடுவோம்.

நான் நெட் பழுது பார்க்கப் போகும் பச்சைமலை அடிவாரத்துப் பூலாம்பாடியில் மலேசியா, சிங்கப்பூருக்குச் சம்பாதிக்கப் போனவர்கள் ஏராளம். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். வேலை முடித்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு மகன் வீடியோ காலில் வந்தால் இங்கே ஏழரை. தெருவே வைஃபையில் இருக்கும் நேரம் அது.

அப்படி ஒரு வீட்டில், பகலில் நன்றாக வரும் நெட் சாயங்காலமானால் அம்மாவின் கட்டிலருகே அறுந்துபோனது. ரூட்டரில், லைன் சிக்னல் போனால் எரியும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இல்லை. பைபரைக் கழற்றி பவர் மீட்டரில் வைத்தேன்: மைனஸ் 21 டிபிஎம், நல்ல அளவு. ரூட்டரில் லேன் வயர் போட்டு லேப்டாப்பில் பார்த்தால் தடங்கலே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, போனிலிருந்து ரூட்டருக்கே பிங் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்த்தேன். அங்கேதான் விட்டு விட்டு வந்தது. ஆக, லைன் மேல் குற்றமில்லை.

ரூட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருந்தது. நடுவே இரண்டு சுவர், ஓர் இரும்பு பீரோ. கட்டிலருகே வைஃபை சிக்னல் மைனஸ் 78 டிபிஎம். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அதே 6-ஆம் சேனலில். 2.4 கிகாஹெர்ட்ஸில் இங்கே 13 சேனல் உண்டு. ஒன்றோடொன்று உரசாமல் சேர்ந்து ஓட வழக்கமாக எடுப்பவை 1, 6, 11 என்ற மூன்று. முதலில் ரூட்டரை நடைப்பக்கம் உயரத்தில் மாட்டினேன். சிக்னல் மைனஸ் 58 ஆனது. 20 டெசிபல் கூடினால் வந்து சேரும் சக்தி நூறு மடங்கு. அதைச் சோதித்த பிறகே சேனலை 11-க்கு மாற்றினேன். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். அது ஹாலுக்குப் போதும்.

வயரும் காற்றும் சரியாக இருந்தும் கரண்டால் கோளாறு வருவதுண்டு. கரண்ட் போகும்போதெல்லாம் நெட்டும் போகிறதென்றால், பெரும்பாலும் இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் ரூட்டர் அணைந்து மறுபடி எழுகிறது என்று அர்த்தம். அதற்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். கரண்ட் இருக்கும்போதே தானாக அணைந்து எழுந்தால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதும் சோதித்துப் பார். இந்தத் தொழிலில் நான் நம்பும் ஒழுங்கு இதுதான். மூன்றைச் சேர்த்து மாற்றி நெட் வந்துவிட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாது. கோளாறு திரும்பி வரும்போது முதலிலிருந்து தேட வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ரூட்டரின் ரீசெட் துளையில் ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். லைனுக்கான செட்டிங் அழிந்தால் ஆள் வந்து திரும்பப் போடும்வரை நெட் இருக்காது. புது ரிப்பீட்டர் வாங்கக் காசு எடுக்கும் முன், ரூட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்து, வீட்டின் நடுவில் உயரத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.