விசிலுக்கு விலை உண்டு!



பேஸ்கெட் பால் மேட்ச் என்றால் நம் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். விசில் ஊதுபவரை யார் கவனிக்கிறோம்? 'ராங் கால்' என்று கத்தும்போது மட்டும்தான் அவர் ஞாபகம் வரும். ஆனால் 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்துக்கு எழுதிய 13 விதிகளிலேயே, ஆட்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர் என இரண்டு நடுவர்கள் உண்டு. ஆட்டம் பிறந்தபோதே நடுவரும் பிறந்துவிட்டார்!

கல்லூரி மேட்சுகளில் நடுவராக வேண்டும் என்பது என் ஆசை. என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். டீமில் இடம் இல்லை. கிரவுண்டை விட்டு வரவும் மனமில்லை. "மேசையில உட்காருடா, முதல்ல ஸ்கோர் எழுதக் கத்துக்கோ" என்று பி.டி. சார் வழி காட்டினார். அந்த வழியில் நடக்க என்ன செலவானது என்பதை இங்கே கணக்காகவே எழுதுகிறேன்.

முதலில் விசில். உள்ளே உருண்டை ஓடும் திருவிழா விசில் இதற்குச் சரிப்படாது. 1984-ல் பிரேசிலில் நடந்த ஓர் ஆட்டத்தில் கனடா நாட்டு நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் ஊதியபோது உருண்டை சிக்கிக்கொண்டு சத்தமே வரவில்லை. அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்ததுதான் உருண்டையே இல்லாத 'ஃபாக்ஸ் 40'. அசையும் பாகமே இல்லையென்றால் சிக்குவதற்கு என்ன இருக்கிறது? மெக்கானிக்கல் படிக்கும் நமக்கு நல்ல பாடம்! விலை 550 ரூபாய்.

சாம்பல் சட்டை, கறுப்பு பேன்ட், கறுப்பு ஷூ எல்லாம் சேர்த்து 2,600. விதிப் புத்தகம் இணையத்தில் இலவசம். பிரின்ட் எடுக்க 250. அத்தனையும் ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்துவந்த எனக்கு ஒரு பக்கத்துக்கு ஓர் இரவு ஆனது. ஒருமுறை படித்தால் தீர்ந்ததா? இல்லை. 2017-ல் டிராவலிங் விதியையே மாற்றினார்கள். விதி மாறினால் நாமும் மறுபடி படிக்கவேண்டும். பஸ் செலவு 1,100. ஆக 4,500.

இதைவிடப் பெரிய செலவு ஞாயிற்றுக்கிழமை. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறினால் நாளுக்கு 500 கிடைக்கும். பத்து ஞாயிறு போயிற்று, 5,000 போயிற்று. மேசையில் உட்காரும் புதுப் பையனுக்குக் கிடைப்பது டீயும் சாப்பாட்டுப் பொட்டலமும்தான். அப்பா மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான் முதல். அம்மா கேட்டார்: "ஏண்டா, விளையாடறவனுக்கே யாரும் காசு தர்றதில்ல. நடுவுல நின்னு ஊதறதுக்கு நீ காசு குடுக்கணுமா?" பதில் சொல்லத் தெரியவில்லை.

கணக்கில் எழுத முடியாத செலவும் ஒன்று உண்டு. துறைகளுக்கு இடையிலான போட்டி, கடைசி நிமிடம். என் ரூம் மேட், அசையாமல் நின்றவன் மேல் மோதிவிட்டுக் கூடை போட்டான். சார்ஜிங் ஃபவுல். ஊதினேன். கூடை செல்லாது. ஒரு பாயின்ட்டில் எங்கள் துறை தோற்றது. இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள், "நீ ஊதினது சரிதான்டா... ஆனா வலிக்குது" என்றான். எனக்கும் வலித்தது.

அப்படியானால் இது எதற்கு? மண்டி முதலாளி முன்னால் அப்பா தலை நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் நான் விசில் ஊதிக் கையை உயர்த்தினால் கடிகாரம் நிற்கிறது, பத்துப் பேரும் நிற்கிறார்கள். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. பார்த்ததைச் சொன்னேனா என்பதுதான் அங்கே கேள்வி. முதல் படியாக வந்த 300 ரூபாயை அம்மா கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு நிதியிலிருந்து ஆண்டுக்கு இரண்டு பேருக்கு விசிலும் பஸ் கட்டணமும் கொடுங்கள். அது இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையை இழக்க வசதியுள்ளவர் மட்டும்தான் நடுவராக முடியும். விதிகளைத் தமிழில் எழுதிவைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. தம்பிகளே, தங்கைகளே, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு விலை கிடையாது!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்