பொறாமை யாருடையது? ‘இன்விடியஸ்’ என்ற சொல்லும் மும்பைத் தமிழரும்

ஆங்கிலச் சமூகவியல் நூல்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் தமிழில் பெயர்ப்போரைத் தடுமாற வைக்கும் சொற்களுள் ‘இன்விடியஸ்’ என்னும் பெயரடையும் ஒன்று. அதற்கான விளக்கங்களில் ‘பொறாமை’ என்ற சொல் பெரும்பாலும் இடம்பெறும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு ‘பொறாமையான ஒப்பீடு’, ‘பொறாமையான பாகுபாடு’ என எழுதினால் இலக்கணத்தில் பிழையிராது, பொருள்தான் தலைகீழாகிவிடும். பொறாமை கொள்பவர் ஒருவர். பிறர் மனம் எரியும்படி நடந்துகொள்பவர் மற்றொருவர். முன்னவரைச் சுட்ட ஆங்கிலத்தில் ‘என்வியஸ்’ உண்டு. பின்னவரின் செயலைச் சுட்டுவதே ‘இன்விடியஸ்’.

இவ்விரண்டு சொற்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இலத்தீனில் ‘விதேரே’ என்றால் பார்த்தல். ‘இன்விதேரே’ என்றால் தீய கண்ணோடு பார்த்தல், பொறாமைப்படுதல். அதிலிருந்து பிறந்த ‘இன்விதியோசுஸ்’ என்ற பெயரடை, பொறாமை நிறைந்தவரையும் குறித்தது. பொறாமையையும் வெறுப்பையும் கிளப்புவதையும் குறித்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த வடிவம் ‘என்வியஸ்’ ஆயிற்று. இலத்தீனிலிருந்து நேரே எடுத்தது ‘இன்விடியஸ்’ ஆயிற்று. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றன் பொருளை மற்றொன்று தாங்கின. காலப்போக்கில் வேலைப் பிரிவினை ஏற்பட்டது.

பொறாமையைக் கண்ணோடு சேர்த்து நினைப்பது தமிழர்க்குப் புதிதன்று. கண்ணேறு, கண்படுதல், திருஷ்டி என்று நமக்குச் சொற்கள் பல. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது வழக்கு. மும்பையில் அதுவே ‘நஜர்’. டாக்சியின் முன்புறத்தில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்குவது அதற்காகத்தான். ஆனால் பொறாமைக்கான நம் சொற்கள் ஏறக்குறைய எல்லாமே பொறாமைப்படுபவரையே குற்றவாளியாக்குகின்றன. பொறாமை என்பது பொறுக்க இயலாமை. அந்த இயலாமை அவருடையது. வயிற்றெரிச்சலில் எரிவதும் அவர் வயிறே. திருக்குறளின் அழுக்காறாமை அதிகாரமும் பொறாமைப்படுபவரை நோக்கிய அறிவுரையே. அறநூலுக்கு அது பொருந்தும். சமூகத்தை ஆராய்பவருக்கு அது மட்டும் போதாது.

இன்றைய ஆங்கிலத்தில் ‘இன்விடியஸ்’ பெரும்பாலும் மூன்று பெயர்ச்சொற்களோடு சேர்ந்து வருகிறது. முதலாவது ஒப்பீடு. தோர்ஸ்டீன் வெப்லென் 1899இல் வெளியிட்ட ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ என்ற நூலில் இச்சேர்க்கை திரும்பத் திரும்ப வருகிறது. யாரையும் புகழவோ இகழவோ அதைத் தாம் ஆளவில்லை என்றும், மனிதரை மதிப்பில் மேல் கீழாக வரிசைப்படுத்தும் ஒப்பீட்டையே குறிப்பதாகவும் அவர் விளக்குகிறார். இதற்கு ‘ஏற்றத்தாழ்வு கற்பிக்கும் ஒப்பீடு’ என்பது பொருந்தும். இரண்டாவது பாகுபாடு. சட்ட வழக்கில் வரும் இச்சேர்க்கைக்கு நம்மிடம் ‘ஓரவஞ்சனை’ என்ற அருமையான சொல் உண்டு. மூன்றாவது நிலை அல்லது பணி. இரண்டு நல்ல விண்ணப்பங்களுள் ஒன்றைத் தள்ளியே தீர வேண்டிய தேர்வுக்குழு உறுப்பினர் ‘இன்விடியஸ்’ நிலையில் இருக்கிறார் என்பார்கள். தமிழில் அது பொல்லாப்புக்கு ஆளாகும் நிலை. மூன்று இடங்களுக்கு மூன்று சொற்கள் தேவைப்படுகின்றன. எதிலும் ‘பொறாமையான’ பொருந்தவில்லை.

இந்த வேறுபாடு வெறும் அகராதிச் சிக்கல் அன்று என்பதை உணர மும்பையின் சுனாபட்டி நல்ல இடம். தமிழ்க் காதுக்கு அது உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வரிசையில் ஓர் ஊர்போல ஒலிக்கும். உண்மையில் அது மராத்திப் பெயர். சுண்ணாம்புக் காளவாய் என்பது பொருள். ஹார்பர் ரயில் பாதையில் குர்லாவுக்கு முந்தைய நிலையம் அது. கிழக்கே செம்பூர், தென்மேற்கே சயானைக் கடந்தால் தாராவி, இன்னும் தெற்கே மாதுங்கா. மும்பைத் தமிழரின் மூன்று உலகங்கள் அங்கிருந்து சில நிலையத் தொலைவில் இருக்கின்றன.

அவற்றை ஒப்பிடும் பேச்சு தமிழரிடையே சாதாரணம். மாதுங்காக்காரர்கள் படித்து முன்னேறினார்கள், தாராவிக்காரர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள் என்பார்கள். இரண்டு கூற்றுகளிலும் ஓரளவு உண்மை இருப்பதுபோலத் தோன்றும். சொல்லாமல் விடப்படுவது தொடக்கக் கோடு. மாதுங்காவுக்குத் தஞ்சை, பாலக்காடு பகுதிகளிலிருந்து வந்த பிராமணக் குடும்பங்கள் பல, ஆங்கிலக் கல்வியையும் கூடவே கொண்டுவந்தன. 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி தோன்றிப் பள்ளியும் நடத்தியது. தாராவிக்குத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தலித் மக்களும் முஸ்லிம்களும் தோல் பதனிடும் கூடங்களில் வேலை தேடி வந்தவர்கள்; பள்ளிக்கூடம் பலருக்கு ஊரிலேயே மறுக்கப்பட்டிருந்தது. அந்தக் கோட்டை மறைத்துவிட்டு முடிவை மட்டும் ஒப்பிடுவது வெப்லென் சொன்ன பொருளில் ‘இன்விடியஸ்’. அதைத் தாராவிக்காரர் ஒருவர் மறுத்துப் பேசினால் ‘அவருக்குப் பொறாமை’ என்று பேச்சை முடித்துவிடலாம். ஒரே சொல்லில் கேள்வி கேட்டவர் நோயாளி ஆகிவிடுகிறார். கேள்வி காணாமற் போய்விடுகிறது.

மும்பைத் தமிழர் இதே வகை ஒப்பீட்டின் மறுபக்கத்தையும் கண்டவர்கள். 1960இல் பால் தாக்கரே தொடங்கிய ‘மார்மிக்’ இதழ், நகரத்து அலுவலகங்களில் பதவி வகித்தோரின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. பெரும்பாலானவை தென்னிந்தியப் பெயர்கள். ‘படித்துவிட்டுச் சும்மா இருங்கள்’ என்ற பொருள்படும் மராத்தித் தலைப்பு, பின்னர் ‘படித்துவிட்டு எழுந்திருங்கள்’ என மாறியது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை பிறந்தது. மராத்தி இளைஞர்களின் வேலையின்மை மெய்யானது. அவர்களையும் பொறாமைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பழுது ஒப்பீட்டில் இருந்தது. பட்டியலில் அதிகாரியின் பெயர் இருந்தது. தோல் கூடத்தில் கைவெந்து உழைத்த தென்னிந்தியரின் பெயர் இல்லை. ஆனால் ‘மதராஸி’ என்ற வசை பதவி பார்த்து விழவில்லை.

இப்போது தாராவியில் மற்றொரு கோடு வரையப்படுகிறது. மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை ஆவணத்தால் காட்டுவோர்க்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தோர்க்கும், ஏணி வைத்து ஏறும் ‘மாளா’ எனப்படும் மேல்தளத்தில் வாழ்வோர்க்கும் தாராவிக்கு வெளியே, விலை கொடுத்தோ வாடகைத் தவணையிலோ வீடு. ஒரே சுவர், ஒரே கூரை; நடுவில் ஓர் ஏணி.

எல்லாக் கோடும் ஓரவஞ்சனை ஆகாது. அரசமைப்பின் 14ஆம் பிரிவை விளக்கிய 1952ஆம் ஆண்டின் அன்வர் அலி சர்க்கார் வழக்கு, வகைப்படுத்தலுக்கு இரண்டு நிபந்தனைகளை வலியுறுத்தியது: வகைகளுக்கிடையே தெளிவான வேறுபாடு இருக்க வேண்டும், அவ்வேறுபாட்டுக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் அறிவுக்கு ஒத்த தொடர்பு இருக்க வேண்டும். ஏணிக்குக் கீழும் மேலும் இருப்பவர்க்கு இடையே தெளிவான வேறுபாடு உண்டு. குடியிருக்க வீடு தருவது என்ற நோக்கத்தோடு அந்த வேறுபாட்டுக்கு என்ன தொடர்பு என்பதே மேல்தளத்துக்காரர் கேட்கும் கேள்வி. அக்கேள்விக்குச் சரியான பதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ‘கீழ்வீட்டுக்காரனுக்குக் கிடைத்துவிட்டதே என்ற பொறாமை’ என்பது எவ்வகையிலும் பதில் ஆகாது.

ஆய்வேடுகளில் இச்சொல்லைப் பெயர்க்கும் மாணவர்கள் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். தாம் தேர்ந்த தமிழ்ச் சொல், விளக்கம் தர வேண்டிய பொறுப்பை யார்மீது வைக்கிறது? கோடு வரைந்தவர்மீதா, கோட்டுக்கு வெளியே நிற்பவர்மீதா? ஆங்கிலத்தில் ‘இன்விடியஸ்’ அப்பொறுப்பைக் கோடு வரைந்தவர்மீது வைக்கிறது. தமிழில் அதைச் செய்ய ஓரவஞ்சனை, பொல்லாப்பு, ஏற்றத்தாழ்வு கற்பித்தல் என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை.