மூன்று பேர், ஒரு ரீசெட்

தஞ்சாவூரைத் தாண்டி ஒரு பள்ளிக் கணினி அறை. சனிக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நான் உள்ளே நுழைந்தபோது, மூன்று பேர் ஒரே திரையின் முன் உட்கார்ந்து ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், கணினி அறையின் பொறுப்பாளர், விடுமுறைக்கு ஊர் வந்திருந்த மென்பொருள் இளைஞர்.

"விசைப்பலகையில இருக்கறதும் விசை, இதுவும் விசைன்னா பிள்ளைங்க எதைத் தம்பி அழுத்தும்?" என்றார் டீச்சர்.

நியாயமான கேள்விதான். லினக்ஸில் ஜிநோம் என்ற மேசைச்சூழலைப் பயன்படுத்துபவரின் விருப்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. கடிகாரம் 12 மணிக் கணக்கா 24 மணிக் கணக்கா, எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், டச்பேடைத் தட்டினால் கிளிக் ஆக வேண்டுமா என எல்லாவற்றுக்கும். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் 'கீ' என்கிறார்கள். இவற்றை நிர்வகிக்கும் கருவி ஜிசெட்டிங்ஸ். அதற்கான தமிழ்க் கையேட்டைத்தான் இவர்கள் எழுதுகிறார்கள். அரைமணி நேரத்துக்குப் பிறகு 'விசை' தோற்றது, 'அமைவு' வென்றது.

ஜிநோம் 2 காலத்தில் இந்த வேலையை ஜிகான்ஃப் பார்த்தது. 2010-இல் ஜிலிப் என்ற நிரலகத்தின் 2.26 பதிப்போடு ஜிசெட்டிங்ஸ் வந்தது. அதற்கு அடியில் மதிப்புகளைச் சேமித்து வைப்பது டிகான்ஃப். ஒவ்வொரு அமைவுக்கும் ஸ்கீமா என்ற கோப்பில் அதன் வகை, இயல்பிருப்பு மதிப்பு ஆகியவற்றோடு, ஒரு வரிச் சுருக்கமும் சிறு விளக்கமும் எழுதலாம். ஸ்கீமாவைத் தொகுக்கும்போது அந்தச் சுருக்கமும் விளக்கமும் தொகுத்த கோப்பில் ஏறுவதில்லை. 'டிஸ்க்ரைப்' என்று கேட்டால் மூலக் கோப்பைத் திரும்பவும் போய்ப் படித்துத்தான் கருவி பதில் சொல்கிறது. "அந்த ரெண்டு வரி மனுஷனுக்கு மட்டும்தாங்க. மெஷினுக்குத் தேவையில்லை" என்றார் இளைஞர். அதனால்தானோ என்னவோ, பல நிரலாளர்கள் அதை வேண்டாவெறுப்பாகவே எழுதியிருக்கிறார்கள். அமைவின் பெயரையே திருப்பிச் சொல்லும் விளக்கங்களை நானே பார்த்திருக்கிறேன்.

அன்று பாதி நாளை விழுங்கியது 'ரீசெட்' கட்டளைக்கான விளக்கம். முதலில் எழுதிய வரி இது: 'அமைவை இயல்பிருப்பு மதிப்புக்கு மீட்டமைக்கும்.' பிழை எதுவும் இல்லை. ஆனால் பொறுப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்ப செட் போட்டு பழைய மதிப்பையே குடுத்துட்டா போதாதா?"

கேட்டவருக்கே விடை தெரியும், பட்டுத் தெரிந்துகொண்டது. பின்வரிசைப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியவில்லை என்று, எழுத்தளவு அமைவின் மதிப்பை எல்லாக் கணினிகளிலும் 1.0-லிருந்து 1.25 ஆக்கினார். ஒவ்வொரு பயனர் கணக்காகப் போய் மாற்றாமல், கணினி முழுமைக்குமான டிகான்ஃப் தரவுத்தளத்தில் எழுதி 'டிகான்ஃப் அப்டேட்' கொடுத்தார். எல்லாத் திரையும் மாறியது, இரண்டைத் தவிர. கேபிளைப் பார்த்தார், மறுபடி துவக்கினார், மானிட்டரை மாற்றிப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. எப்போதோ ஒரு மாணவர் அந்த இரண்டிலும் 1.5 வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளையாகச் 'செட்' கட்டளையாலேயே 1.0 என்று திரும்பப் போட்டிருந்தார். பார்வைக்கு அது இயல்பிருப்பு. கருவிக்கோ அது பயனர் தானாகக் கேட்டு வாங்கிய 1.0. பயனர் கேட்டதற்கு மேல் பொது மதிப்பு செல்லாது. 'ரீசெட்' கொடுத்ததும் இரண்டு திரையும் வழிக்கு வந்தன.

இதைக் கேட்டபின் டீச்சர் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார்: 'நீங்கள் போட்ட மதிப்பை நீக்கும். அதன்பின் பொது மதிப்பு எதுவோ அதுவே செல்லும். நாளை அது மாறினால் உங்களுக்கும் மாறும்.' நீளம்தான். ஆனாலும் அன்று நான் பார்த்ததில் இதுவே நல்ல வரி.

டிகான்ஃப் கட்டளையால் நேரடியாக எழுதுவதைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை சேர்த்தார்கள். அது ஸ்கீமாவைப் பார்ப்பதில்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் சொல்லைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். பிறகு படிக்கும்போது ஜிசெட்டிங்ஸ் அதை ஒதுக்கிவிட்டு இயல்பிருப்பையே எடுத்துக்கொள்ளும். மாற்றியும் மாறவில்லையே என்று நாம் தலையைச் சொறிந்துகொண்டிருப்போம்.

சாயங்காலம் சோதனை. வாட்ச்மேனின் மகள், பத்தாம் வகுப்பு, டீ கொண்டுவந்தவளையே உட்காரவைத்தார் டீச்சர். அச்செடுத்த பதினொரு பக்கங்களைக் கையில் கொடுத்து, "படிச்சுப் பாத்து எழுத்தைப் பெருசாக்கு, கண்ணு" என்றார். அவள் படித்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள்.

"டீச்சர், இதை எங்க டைப் பண்ணணும்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெர்மினலைத் திறக்கச் சொல்லும் வரி பதினொரு பக்கத்தில் எங்குமே இல்லை.