பழைய லினக்ஸுக்குப் புதுப் பாவு

டெபியன் என்ற லினக்ஸின் 9-ஆம் பதிப்பு 2017-இல் வெளிவந்தது. அதற்கான நீண்டகால ஆதரவு 2022 ஜூனோடு முடிந்தும், எங்க வீட்டு லேப்டாப்பில் அதுதான் ஓடிக்கிட்டு இருந்தது. வருஷக்கணக்கா யாரும் அப்டேட் பண்ணலை. அப்பா நெய்த சேலைகளின் பார்டர், முந்தானைப் படங்கள் எல்லாம் அதில்தான். "ஒண்ணுகூடப் போகக் கூடாதுடா" என்று முன்பே சொல்லிட்டார்.

எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடலாம். ஆனா பிரின்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாம் மறுபடி அமைக்கணும். பிள்ளையார்பாளையத்துப் பசங்களுக்குத் தெரியும், பாவு தீர்ந்தா தறியை முதலிலிருந்து கோர்க்க மாட்டாங்க. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாப் பிணைப்பாங்க. டெபியனிலும் 9-லிருந்து 12-க்கு ஒரே தாவலாகப் போகக் கூடாது. 10, 11, 12 என்று படிப்படியாகத்தான். ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறுவதை மட்டுமே அவங்க சோதிச்சு வெளியிடுறாங்க.

முதல் வேலையா, படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். திறந்து பார்க்காத நகல் நகலே இல்லை! பழைய பதிப்புகளைக் காப்பக சர்வருக்கு மாத்திட்டாங்க. அதனால் முகவரியைத் திருத்தி, முதலில் 9-ஐயே அதன் கடைசித் திருத்தம் வரை கொண்டுவந்தேன். (பதிப்புகளின் பெயர்கள் 'டாய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களுடையவை. 11-இன் பெயர் புல்ஸ்ஐ, அந்தக் குதிரைதான்!)

ஒவ்வொரு படியிலும் முதலில் 'அப்கிரேடு', பிறகு 'ஃபுல் அப்கிரேடு'. இரண்டாவது கட்டளை எதையெல்லாம் நீக்கப் போகுதுன்னு பட்டியல் காட்டும். 'ஒய்' அழுத்தும் முன் அதைப் பொறுமையாப் படிக்கணும். 11-இல் பாதுகாப்புத் திருத்தங்களுக்கான வரியின் அமைப்பே மாறிவிட்டது. பதிப்பின் பெயரை மட்டும் மாத்தினா பிழை காட்டும். 12-இல் வைஃபை போன்றவற்றின் ஃபர்ம்வேருக்குத் தனிப் பிரிவு. அதையும் வரியில் சேர்த்தேன், இல்லேன்னா அது பழசாவே நின்னுடும். கரண்ட் போனாலும் நடுவில் நிற்காதபடி பேட்டரியை நிரப்பிக்கிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தேன். மூணு ராத்திரி ஆச்சு.

13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. ஆனா எங்களுடையது 32 பிட் லேப்டாப்; அந்த வகைக்கு 13-இல் முழு ஆதரவு இல்லை. அதனால 12-லேயே நிறுத்திட்டேன். மாத்தின வரிகளை நோட்டில் எழுதி வெச்சிருக்கேன், வேணும்கிறவங்க மதிய இடைவேளையில் வந்து கேளுங்க.

- 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு