தங்க முலாம் வேணாம் தலைவா!

புது மானிட்டர் வாங்கப் போறீங்களா? வாழ்த்துகள்! வீட்டுல கெஞ்சிக் கூத்தாடித்தான் காசு தேத்தியிருப்பீங்க. அதுல கடைசி ஐந்நூறு ரூபாயை 'கேபிள்'ங்கிற பேர்ல யாராவது லவட்டறதுக்குள்ள இதைப் படிச்சிடுங்க.

வி.ஜி.ஏ. தெரியும்ல? நீலத் தலை, 15 பின், ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ. 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த தாத்தா. பழைய லேப் புரொஜெக்டர்ல பார்த்திருப்பீங்க. அது அனலாக். வயர் மட்டமா இருந்தா எழுத்துக்குப் பக்கத்துல பேய் மாதிரி நிழல் விழும். நல்ல வயர் போட்டா படம் நிஜமாவே தெளியும். ஆனா, எச்.டி.எம்.ஐ.யும் டிஸ்ப்ளே போர்ட்டும் டிஜிட்டல். சிக்னல் ஒழுங்கா போய்ச் சேர்ந்தா படம். சேரலைன்னா புள்ளி புள்ளியா மின்னும், இல்லைன்னா ஸ்க்ரீன் இருட்டாயிடும். 'இன்னும் கொஞ்சம் பளிச்'ங்கிற பேச்சுக்கே இடமில்லை பாஸ்!

என் ரூம்மேட் ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசுல செகண்ட் ஹேண்ட் 4கே மானிட்டர் வாங்கினான். லேப்டாப்புல மாட்டினா, மவுஸ் அம்பு திருவாரூர்த் தேர் மாதிரி ஆடி அசைஞ்சு வருது. செட்டிங்ஸ்ல பார்த்தா 30 ஹெர்ட்ஸ். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒருத்தர், 'இது கோல்டு பிளேட்டட் தம்பி'ன்னு ஒரு கேபிளைத் தலையில கட்டினார். அப்பவும் அதே 30! 'மானிட்டரே டுபாக்கூர் மாப்ள, பாதி விலைக்குத் தள்ளிடலாம்'னு கிளம்பிட்டான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தோம். 3840 x 2160 பிக்ஸல், ஒவ்வொண்ணுக்கும் 24 பிட், விநாடிக்கு 60 தடவை. பெருக்கினா கிட்டத்தட்ட 12 ஜிகாபிட். அவன் லேப்டாப்ல இருந்ததோ எச்.டி.எம்.ஐ. 1.4. அதோட மொத்தக் கொள்ளளவே 10.2தான், அதுலயும் படத்துக்குக் கிடைக்கிறது 8 சொச்சம். 30 தடவைன்னா 6 ஜிகாபிட், தாராளமா போகும். அதான் அங்கேயே நின்னுடுச்சு. லேப்டாப் போர்ட், கேபிள், மானிட்டர் போர்ட்... மூணுல எது நோஞ்சானோ, அது வெச்சதுதான் சட்டம்!

நல்லவேளை, லேப்டாப்ல ஒரு டைப்-சி ஓட்டையும் இருந்துச்சு, பக்கத்துலயே குட்டியா டிஸ்ப்ளே போர்ட் சின்னம். டைப்-சி டு டிஸ்ப்ளே போர்ட் கேபிள் மாட்டினோம். 60! மானிட்டர் இன்னும் எங்க ரூம்லதான் இருக்கு. ஆனா எல்லா டைப்-சியும் படம் காட்டாது. சின்னம் இல்லைன்னா மேனுவலைப் புரட்டுங்க. மொபைல் சார்ஜர் வயரும் பெரும்பாலும் இதுக்கு உதவாது.

1080 மானிட்டர், 60 ஹெர்ட்ஸா? மொத்தமே 3 ஜிகாபிட்தான். பெட்டியில வந்த எச்.டி.எம்.ஐ. கேபிளே போதும், கடைப்பக்கம் போகாதீங்க. 4கே 60-க்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்', அதுக்கும் மேலேன்னா 'அல்ட்ரா ஹை ஸ்பீட்'னு லேபிள் பார்த்து வாங்குங்க. 144 ஹெர்ட்ஸ் கேமிங் ஆளா? டிஸ்ப்ளே போர்ட் இருந்தா அதுக்கே முதல் மரியாதை. கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப்னா, கேபிளை மதர்போர்டுல இல்ல, கார்டுலயே செருகணும்.

அடாப்டர் வாங்குறப்போ திசையைக் கவனிங்க. கம்ப்யூட்டர்ல டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர்ல எச்.டி.எம்.ஐ.ன்னா பெரும்பாலும் சாதா அடாப்டரே போதும். உல்டாவா இருந்தா அது செல்லாது. தனியா பவர் எடுக்குற கன்வெர்ட்டர்தான் வேணும், விலையும் கூட.