பெருமாள் மறப்பதில்லை

பங்குனி 10, செவ்வாய்

நள்ளிரவு தாண்டி அம்மா எழுந்து வாசல் கதவை ஆட்டிக்கொண்டிருந்தாள். "மன்னார்குடிக்குப் போகணும். அப்பா தேடுவார்" என்றாள். தாத்தா காலமாகி எத்தனையோ வருடம். எதிர்த்துப் பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மறதி நோயில் நேற்று நடந்தது முதலில் போகும், சின்ன வயதில் நடந்தது வெகுநாள் தங்கும். "விடிஞ்சதும் முதல் பஸ்ல போகலாம்மா" என்றேன். சமாதானமாகிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ராத்திரிக்கு ஓர் ஆள் வைத்தால் சம்பளத்துக்கு எங்கே போவது, பெரிய மகள் பிளஸ் டூ தேர்வை எப்படி எழுதுகிறாளோ, என் கணவருடைய ஒப்பந்த வேலையைப் புதுப்பிப்பார்களா? பகலில் தனித்தனியாக வரும் கவலைகள் இரவில் சேர்ந்தே வருகின்றன.

பங்குனி 13, வெள்ளி

கும்பகோணத்திலிருந்து சித்தி வந்திருந்தாள். "அக்கா, என்னைத் தெரியறதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அம்மா மலங்க மலங்க விழித்தாள். "திருப்பாவை சொல்லு பார்ப்போம்" என்றாள் சித்தி. மார்கழி தவறாமல் முப்பது பாசுரமும் சேவித்த அம்மா, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் சித்தி கண் கலங்கினாள். "கடைசியில பெருமாள் நாமம் நாக்குல வரணும்பா. இவளுக்கு அதுவும் போயிடுத்தே, கதி என்ன?" பாசத்தில் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்வி மற்ற கவலைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. கடைசி நேரத்தில் எதை நினைக்கிறோமோ அதையே அடைவோம் என்று கீதை எட்டாம் அத்தியாயமும் சொல்கிறதே.

பங்குனி 15, ஞாயிறு

இன்று ஆயில்யம். கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண எங்கள் திருவரங்கத்து நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளிவிட்டார். சாயங்காலம் எதிர்வீட்டு மாமா அம்மாவைப் பார்க்க வந்தார். ஆயுசு முழுக்கக் காலட்சேபம் கேட்டவர். சித்தி கேட்டதை அவரிடம் சொன்னேன்.

"இதை ராமானுஜர் காலத்திலேயே தீர்த்து வெச்சாச்சு" என்றார். காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பிகள் மூலம் ராமானுஜர் தம் ஐயங்களைக் கேட்டார். வரதர் ஆறு வார்த்தை அருளினார். சரணடைந்தவனுக்குக் கடைசி நேர நினைவு கட்டாயம் இல்லை என்பது அவற்றில் ஒன்று. வராகப் பெருமாள் பூமிப் பிராட்டியிடம் சொன்னதும் அதுதான். நல்ல நிலையில் இருக்கும்போது தம்மை நினைத்த பக்தன், முடிவில் கட்டையாய்க் கல்லாய்க் கிடந்தாலும் அவனைத் தாமே நினைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

பெரியாழ்வாருக்கும் இந்தக் கவலை இருந்ததாம். தளர்ந்துபோன காலத்தில் நினைக்க முடியாமல் போகுமே என்று அரங்கனிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துக்கொண்டவர் அவர். "உங்கம்மா எத்தனை மார்கழி சொல்லியிருக்கா! அதெல்லாம் கணக்குல இருக்கும்மா. அவ மறந்தா என்ன, பெருமாள் மறப்பாரா?" என்றார் மாமா.

நாம் பெருமாளைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் பக்தி என்று நினைத்திருந்தேன். நம் பிடி நழுவிய பிறகும் அவர் பிடி நழுவாது என்று இருப்பதற்குப் பெயர்தான் சரணாகதி.

பங்குனி 17, செவ்வாய்

நம்பிக்கை வந்துவிட்டதால் வீட்டு வேலை ஒன்றும் குறையவில்லை. வாசல் கதவுக்கு அம்மாவின் கை எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போட்டாயிற்று. அவள் வளையலோடு ஃபோன் நம்பர் பொறித்த தகடு ஒன்றைக் கோத்தோம். பொழுது சாயும் நேரத்தில் அவளுக்குத் தவிப்பு அதிகமாகும். அதனால் இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறோம். துணி மடிக்கக் கொடுத்தால் அமைதியாக இருக்கிறாள். மாத்திரை வேளை தவறுவதில்லை.

இதெல்லாம் என் பொறுப்பு. அம்மாவின் கடைசி மூச்சு எப்படிப் போகும், அப்போது அவள் நாவில் என்ன இருக்கும் என்பது என் பொறுப்பு இல்லை. இவ்வளவு நாளும் இரண்டையும் சேர்த்தே சுமந்துகொண்டிருந்தேன்.

சாதம் ஊட்டும்போது "நீ யாரும்மா?" என்று கேட்டாள். "உன்னைப் பார்த்துக்கறவ" என்றேன். "சரி" என்று வாயைத் திறந்தாள். யார் ஊட்டுகிறார்கள் என்று தெரியாமலே நம்பிச் சாப்பிடுகிறாள்.

பங்குனி 18, புதன்

உத்திரம். படிதாண்டாப் பத்தினியான ரங்கநாயகித் தாயாரும் நம்பெருமாளும் ஒன்றாக எழுந்தருளும் சேர்த்தி, வருஷத்தில் இந்த ஒரு நாள்தான். அம்மாவுக்குத் துணையாக இவர் வீட்டில் இருக்க, நான் போய்ச் சேவித்தேன். நெரிசலில் வெகு நேரம் நின்றேன். திவ்ய தம்பதிகள் இப்படி எழுந்தருளியிருந்த ஓர் உத்திர நாளில்தான் ராமானுஜர் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தார். முதலில் தாயாரைச் சரணடைந்து, பிறகு பெருமாளின் திருவடியில் விழுந்தார். பெருமாள் அவருக்கு அருளியது என்ன? மோட்சத்தோடு நிறுத்தவில்லை, உயிர் இருக்கும்வரை இந்தத் திருவரங்கத்திலேயே சுகமாக இருக்கும்படியும் சொன்னார். நிம்மதி மறுமைக்கு மட்டும் என்று ஒத்திவைக்கப்படவில்லை. அடுப்பும் கடனும் நோயும் உள்ள இந்த ஊரில், இந்த உடம்பில் இருக்கும்போதே அது கிடைக்கும்.

இவருடைய வேலை இன்னும் உறுதியாகவில்லை. பெரியவளின் மதிப்பெண் வர நாள் இருக்கிறது. அம்மாவுக்கு நினைவு திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாம் தெரிந்தும் என்னால் தூங்க முடிகிறது.

மறதியில் ஆழ்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களைச் சோதித்துப் பார்க்காதீர்கள். அவர்களுக்குப் பிடித்த பாசுரத்தை, பாட்டை, பிரார்த்தனையை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். இன்றைய மாத்திரையை இன்று கொடுங்கள். நாளைக் கவலையைப் பெருமாளிடம் விட்டுவிட்டு, ராத்திரி படுத்துத் தூங்குங்கள்.