வராத ஏழாம் பாடம்

அக்கா மகளை இப்போது எல்லோரும் ‘ரிப்பீட்டர்’ என்கிறார்கள். நீட் எழுதி, மார்க் போதாமல் இன்னொரு வருஷம் படிக்கிற பிள்ளைக்கு அதுதான் பெயர். கோட்டா பக்கம் இதே பிள்ளை ‘டிராப்பர்’. எங்கள் காலத்தில் ‘இம்ப்ரூவ்மென்ட் எழுதுறான்’ என்பார்கள். அந்தச் சொல்லில் உருப்பட்டுவிடுவான் என்ற நப்பாசையாவது இருந்தது. ரிப்பீட்டர் என்றால் கீறல் விழுந்த இசைத்தட்டின் ஞாபகம்தான் வருகிறது.

நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு கோச்சிங்கில் சேர்ப்பதா, என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை வைத்துக்கொண்டு வீட்டிலேயே படிக்கட்டுமா என்று அக்கா போனில் கேட்டாள். “நீதான் அந்தக் காலத்துல என்ட்ரன்ஸ் எல்லாம் எழுதினியே!” எழுதினேன், இடம் கிடைக்கவில்லை. ஊர் போய்ச் சேராதவனிடம் வழி கேட்பது எங்கள் குடும்ப வழக்கம்.

அது 1992. பிளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு தினமும் பஸ் ஏறி டியூஷன் போக வசதியில்லை. அப்பா சென்னையில் ஒரு தபால் வழிப் பயிற்சிக்குப் பணம் கட்டினார். வாரம் ஒரு பாடம், காக்கி உறையில், புக் போஸ்டில் வரும். ஆறு வந்தது. அடுத்து எட்டு வந்தது. ஏழாம் பாடம், ஒளியியல், வரவே இல்லை. மூன்று கார்டு போட்டேன். ‘அனுப்பப்பட்டுவிட்டது’ என்று ஒரே வரியில் பதில். தபால்காரரிடம் விசாரித்தது இன்னும் மோசமாகப் போயிற்று. திருட்டுப்பழி போட்டதாக எடுத்துக்கொண்டு, அந்த மாதம் முழுக்க சைக்கிளை விட்டு இறங்காமல் தெருவிலிருந்தே கடிதங்களை வீசினார்.

வேறு வழியில்லாமல் பாடப்புத்தகத்தை எடுத்தேன். குவிலென்ஸ் படம் ஒன்று, அம்புக்குறிகள் நாலு. ஒன்றும் விளங்கவில்லை. தாத்தா மதியம் தூங்கும்போது கழற்றிவைத்த கண்ணாடி ஜன்னலோரம் கிடந்தது. சும்மா கையில் எடுத்து எதிர்ச்சுவருக்கு நேரே பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தினேன். திடீரென்று சுண்ணாம்புச் சுவரில் எங்கள் வாசல் வேப்பமரம் தலைகீழாகத் தொங்கியது. காற்றில் இலை அசைந்தது. தெருவில் ஒருவர் தலைகீழாக சைக்கிள் மிதித்துப் போனார். (தபால்காரராக இருந்திருந்தால் நன்றாயிருக்கும், இல்லை.)

அக்கா அப்போது தையல் கற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய டேப்பை எடுத்துக் கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையே அளந்தேன். 40 செ.மீ. நூறை நாற்பதால் வகுத்தால் இரண்டரை. அலமாரியில் கண் டாக்டர் கொடுத்த சீட்டைத் தேடிப் பிடித்தேன். +2.50 என்று எழுதியிருந்தது. தாத்தாவை எழுப்பிச் சொன்னேன். “என் பவர் எனக்குத் தெரியாதாடா?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்த வேடிக்கையில் மூன்று நாள் போயிற்று. தேர்வில் லென்ஸ் கணக்கு வந்ததா என்று எனக்கு நினைவில்லை. தபாலில் ஒழுங்காக வந்த பாடங்களில் ஒன்றுகூட நினைவில்லை.

2007-இல் அந்த நுழைவுத்தேர்வு போனது. பத்து வருஷம் பிளஸ் டூ மார்க்கே போதும் என்றிருந்தது. பிறகு 2017-இல் நீட் வந்து உட்கார்ந்தது. 180 கேள்வி, 180 நிமிஷம், அதில் பாதி உயிரியல். கேள்விக்கு ஒரு நிமிஷம் என்கிற இடத்தில் வேப்பமரத்தை வேடிக்கை பார்த்தவன் என்ன யோசனை சொல்வது? கோச்சிங்கில் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் தினமும் பழக்குகிறார்கள். காசு அதற்குத்தான் என்று தோன்றுகிறது, பாடத்துக்கு அல்ல. வீட்டில் தனியாகப் படிப்பவளுக்குப் பக்கத்தில் கடிகாரம் இருக்கும். கூடவே வேகமாக எழுதி முடித்து அவளைப் பதறவைக்க ஆள் இருக்காது.

இதையெல்லாம் போனில் மருமகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இது நாலு மார்க். தப்பானா மைனஸ் ஒண்ணு.”

பிறகு, “உங்களுக்கு இப்ப பவர் என்ன?” என்றாள்.

“ரெண்டே கால்.”

“நாப்பத்திநாலு புள்ளி நாலு சென்டிமீட்டர்.” நான் பேப்பரைத் தேடுவதற்குள் சொல்லிவிட்டாள்.

அக்கா போனை வாங்கினாள். “என்னடா, முடிவா என்னதான் சொல்றே?”